ஏழாம் எண்ணில் இரண்டு கோப்பைகள்

திருடன் என்றால் எதையாவது எடுத்துக்கொண்டு போக வேண்டும். இந்தத் திருடன் கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

ஏணியின் நடுவில் தொங்கிக்கொண்டு யெப்பே அதைத்தான் யோசித்தான். யோசிக்காவிட்டால் கீழே பார்க்கத் தோன்றும். கீழே பார்த்தால் கடல் தெரியும். கடல் தெரிந்தால் காலையில் தின்ற ரை ரொட்டியும் ஈரல் பசையும் வந்த வழியே திரும்பிவிடும்.

"பாஸ், ஒரு சந்தேகம்," என்றான் மேலே பார்த்து. "நான் துப்பறியும் ஆபீஸ்லதான வேலைக்குச் சேந்தேன்? சர்க்கஸ் கம்பெனியில இல்லையே?"

"சர்க்கஸ்ல உன்னை எடுக்க மாட்டாங்க. பேசாம ஏறி வா," என்றாள் விபெகா.

விபெகாவுக்கு ஐம்பத்தாறு வயது. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்யர்களைப் பிடித்துப் பிடித்து அலுத்துப்போய், தனியாக ஆபீஸ் போட்டவள். வாயில் எந்நேரமும் உப்புப் போட்ட அதிமதுர மிட்டாய் ஒன்று ஊறிக்கொண்டிருக்கும். யெப்பே அவளுடைய ஒரே உதவியாளன். ஆறடி உயரம், அதில் பாதி வாய். கோபன்ஹேகனில் மூன்று ஹோட்டல்களில் சமைத்து, மூன்றிலும் முதலாளியைக் கிண்டல் செய்து வேலை இழந்தவன். விபெகா கிண்டலுக்குக் கோபித்துக்கொள்வதில்லை. அதனால் நான்கு வருடமாக ஒட்டிக்கொண்டிருக்கிறான்.

ஏணி முடிந்த இடத்தில் ஒரு வட்ட மேடை. மேடையின் நடுவே காற்றாலையின் கோபுரம். அதன் வயிற்றில் பெரிதாக '7' என்று எழுதியிருந்தது. கதவருகே ஆரஞ்சு நிறப் பாதுகாப்பு உடையில் மெரெத்த நின்றிருந்தாள். காற்றாலைக் கம்பெனியின் திட்ட அதிகாரி. இவர்களை வரவழைத்தவள் அவள்தான்.

ஸ்கார்ஹவ்ன் துறைமுகத்துக்கு எதிரே, கரையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், பதினோரு காற்றாலைகள் நின்றன. டென்மார்க் கடலில் முதலில் நட்டவற்றில் இவையும் சேர்த்தி. வயதாகிவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன்பு சுற்றுவதை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு கடற்காக்கைகளைத் தவிர யாரும் அங்கே ஏறவில்லை என்றுதான் கம்பெனி நினைத்துக்கொண்டிருந்தது.

"மத்த பத்தையும் வர்ற வழியில பாத்தீங்கல்ல?" என்றாள் மெரெத்த. "துரு, பாசி, பறவை எச்சம். இதைப் பாருங்க."

பார்த்தார்கள். மேடை பெருக்கித் துடைத்திருந்தது. கதவுக் கீல்களில் புதிதாகத் தடவிய கிரீஸ் களிம்பு. நட்டுகளில் களிம்பு. மேடையின் நாலு பக்கமும், கான்கிரீட் அடித்தளத்தில் பதித்திருந்த நாலு பெரிய இரும்பு வளையங்களைச் சுரண்டித் துருவெடுத்து, சாயம் பூசி, களிம்பும் தடவியிருந்தார்கள். கோபுரத்தின் துருப்பிடித்த பகுதிக்கு வெள்ளைச் சாயம் அடித்திருந்தது. அந்தச் சாயம் யெப்பேயின் நெற்றி உயரம் வரைக்கும் போய் அங்கேயே நின்றுவிட்டது. அதற்கு மேலே பழைய துரு.

"குள்ளத் திருடன். கையைத் தூக்கியும் இவ்வளவுதான் எட்டியிருக்கு," என்றான் யெப்பே. "அதுலயும் சுத்தக்காரன். பாஸ், இவனைப் பிடிச்சா போலீஸ்ல குடுக்காதீங்க. என் வீட்டுக்கு அனுப்புங்க."

மெரெத்த சிரிக்கவில்லை. "வியாழக்கிழமை எங்க திட்டம் அரசாங்கத்துக்குப் போகணும். இந்தப் பதினொன்னையும் என்ன செய்யப்போறோம்கிற திட்டம். பதினொன்னும் பாழ்னு ஆய்வுல எழுதியாச்சு. இப்ப ஒன்னு மட்டும் பளபளன்னு நின்னா? ஆய்வே பொய்னு யாரோ கோர்ட்டுக்குப் போகத் தயார் பண்றாங்கன்னு எங்க வக்கீல் சொல்றார். ஆள் யாருன்னு எனக்குத் தெரியணும்."

"என்ன திட்டம்?" என்றாள் விபெகா.

"தூக்க முடிஞ்சதை அடியோட தூக்கிடணும், அது சட்டம். தூக்க முடியாததுக்கு மேல இருக்கிற கோபுரத்தை மட்டும் வெட்டி எடுப்போம். அடித்தளம் கடல்லயே கிடக்கும். மீனுக்கு வீடு. பதினஞ்சு கூட்டம் போட்டு முடிவு பண்ணினது."

விபெகா தலையாட்டினாள். பிறகு குனிந்து அந்த இரும்பு வளையங்களில் ஒன்றை வெகுநேரம் பார்த்தாள். வாயில் மிட்டாய் ஊறுவது நின்றிருந்தது. அதை யெப்பே கவனித்தான். ஆனால் அப்போது அதற்கு அர்த்தம் தெரியவில்லை.

கதவின் பூட்டை யாரும் உடைக்கவில்லை. சாவி போட்டுத்தான் திறந்திருக்கிறார்கள். உள்ளே வட்டமான சின்ன அறை. சுவரோரம் ஒரு மரப்பெட்டி, அதன்மேல் இரண்டு பீங்கான் கோப்பைகள்.

"ஆக, ரெண்டு குள்ளனுங்க," என்றான் யெப்பே.

"ஒருத்தர்தான். நல்லாப் பாரு."

பார்த்தான். ஒரு கோப்பை காலி. அடியில் மட்டும் ஒரு வட்டக் காப்பிக் கறை. மற்றதில் பாதிக்கு இன்னும் காப்பி இருந்தது, மேலே ஆடை கட்டி. அதற்கு மேலே, விளிம்பு வரைக்கும், வளையம் வளையமாகக் கறை.

"குடிச்ச கோப்பையில கறை அடியிலதான் இருக்கும்," என்றாள் விபெகா. "இது நிறைய ஊத்தி, யாரும் தொடாம, தானா வத்திட்டு வருது. வந்தது ஒருத்தர். ஊத்தினது ரெண்டு பேருக்கு."

"வராத ஆளுக்கு ஏன் ஊத்தணும்?"

விபெகா பெட்டியின் பின்னால் கைவிட்டு எதையோ எடுத்தாள். பல்குத்தும் குச்சியில் ஒட்டிய காகிதக் கொடி. சிவப்பில் வெள்ளைச் சிலுவை, டென்மார்க் கொடி. குச்சியின் நுனியில் காய்ந்த க்ரீம். பிறந்தநாள் கேக்கில் குத்துகிற கொடி. காகிதம் இன்னும் நமுத்துப்போகவில்லை. கடலுக்கு நடுவே இப்படி மொறுமொறுப்பாக இருக்கிறதென்றால் வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருக்காது.

"நம்ம ஆளு இங்க பிறந்தநாள் கொண்டாடியிருக்கார்," என்றாள். "போன வாரம். யெப்பே, இந்த நாட்டுல பிறந்தநாளை மறைக்க முடியுமா?"

யெப்பேக்குப் பளிச்சென்றது. "தோட்டத்துல கொடி ஏத்தாம எவன் கேக் வெட்டுவான்? கம்பத்துல கொடியைப் பாத்திருந்தா தெருவுக்கே தெரியும்."

"தெருவுல எல்லாம் தெரிஞ்சது யாருக்கு?"

"பேக்கரிக்காரிக்கு," என்றான் யெப்பே. அன்று முதல்முறையாக அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. பேக்கரி தரையில் இருந்தது.

*

துறைமுகத் தெருவின் திருப்பத்தில் ரான்ஹில்லின் பேக்கரி. கல்லாவில் உட்கார்ந்தபடியே தெருவின் இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி கண்ணாடி வைத்துக் கட்டியிருந்தாள். ரொட்டிக்காகக் கட்டியதா, ஊர்வம்புக்காகக் கட்டியதா என்று கேட்டால் அவளே சிரிப்பாள்.

"போன வாரம் இந்தத் தெருவுல யார் வீட்டுக் கொடி ஏறுச்சு?" என்றான் யெப்பே.

"என்ன வாங்கப்போற?"

"பதில்."

"அது பின்னாடி அலமாரியில இருக்கு தம்பி. முன்னாடி இருக்கிறதை வாங்கினாத்தான் பின்னாடி கை போகும்."

ஏலக்காய் ரொட்டி ஆறு வாங்கினான். பையைக் கொடுத்துவிட்டு ரான்ஹில் விரலைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு வீட்லதான் ஏறுச்சு. கடைசி மஞ்சள் வீடு. எய்கில், போடில். ஆனா பாதிக் கம்பத்துல நின்னுச்சு."

யெப்பே முழித்தான். பிறந்தநாளென்றால் கொடி உச்சிக்குப் போகும். சாவென்றால்தான் பாதிக் கம்பம். "யார் செத்தது?"

"போன வாரம் ஊர்ல யாரும் சாகல. சர்ச்சுல அடக்கமும் இல்ல."

"அப்ப கேக்?"

"கேக்கும் அதே வீட்டுக்குத்தான் போச்சு. ஸ்ட்ராபெர்ரி வச்சு, நாலு அடுக்கு. வருஷா வருஷம் அதே நாள், அதே கேக்."

"கேக்கும் பாதிக் கம்பமும் ஒரே நாள்லயா? யாருக்கு இந்த மாதிரி…" கிண்டலாக ஏதோ சொல்ல வாயெடுத்தவன், ரான்ஹில்லின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"அவங்க பையன், ட்ரோல்ஸ்," என்றாள் ரான்ஹில். குரல் தணிந்திருந்தது. "அந்தக் காத்தாடியில மெக்கானிக்கா இருந்தான். இருபத்தாறாவது பிறந்தநாள். கூட வேலை செய்யறவங்களுக்காக என்கிட்டதான் கேக் வாங்கிட்டுப் போனான். படகுலேருந்து ஏணிக்குக் கால் வைக்கிறப்ப ஒரு அலை. அவ்வளவுதான். பதினெட்டு வருஷமாச்சு. உடம்பு கிடைக்கவே இல்ல."

"எந்தக் காத்தாடி?" என்றாள் விபெகா, கதவருகில் இருந்து.

"ஏழு."

ரான்ஹில் கல்லாவைத் துடைத்துக்கொண்டே தொடர்ந்தாள். "உடம்பு இல்லாததால அடக்கம் பண்ணல. பண்ணலாம்னு பாதிரியார் சொன்னார். போடில் ஒத்துக்கல. வெறும் பெட்டியைப் புதைக்க நான் என்ன பைத்தியமான்னு கேட்டா."

பாதிக் கம்பத்தில் நிற்கிற கொடியை, அடக்கம் முடிந்ததும் உச்சிக்கு இழுத்துவிடுவது அந்த நாட்டு வழக்கம். துக்கம் இத்தோடு போதும், பிழைத்திருப்பவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்கள் என்று அதற்குப் பொருள். எய்கில் வீட்டுக் கொடி பதினெட்டு வருடமாக உச்சிக்குப் போகவில்லை. சாயங்காலம் வரை பாதியில் நிற்கும். இருட்டிய பிறகு கொடி பறந்தால் அது சாத்தானுக்குப் போடும் கும்பிடு என்பார்கள். அதனால் பொழுது சாய்வதற்குள் இறக்கிவிடுவார்கள். அடுத்த வருடம் மறுபடியும் பாதி.

வெளியே வந்ததும் யெப்பே ரொட்டிப் பையை விபெகாவிடம் நீட்டினான். "பாஸ், இந்தக் கேஸை விட்டுட்டு வேற ஏதாவது பாக்கலாமா? புருஷன் பொண்டாட்டி சண்டை, காணாமப்போன நாய், இந்த மாதிரி."

"ரொட்டியை நீயே வச்சுக்கோ," என்றாள் விபெகா. "அந்த வீட்டுக்கு வெறுங்கையோட போக வேண்டாம்."

*

கதவைத் திறந்தவர் கதவு நிலையில் தலை இடிக்காமலிருக்கக் குனிந்தார். அத்தனை உயரம். கையில் ஊன்றுகோல். எய்கில் ஒரு காலத்தில் அந்தக் காற்றாலைகளுக்கு ஆளேற்றிப் போகும் படகின் ஓட்டுநர். விபெகா பெயரைச் சொல்லி, கம்பெனியின் பெயரைச் சொன்னாள். ஏழாம் எண் என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் குறுக்கிட்டார்.

"நான்தான்."

"என்ன நீங்கதான்?"

"களிம்பு, சாயம் எல்லாம். பழைய சாவி ஒன்னு என்கிட்ட இருந்துச்சு. நான்தான் போனேன். போலீஸைக் கூப்பிடறதுன்னா கூப்பிடுங்க. என் பொண்டாட்டிக்கு ஒன்னும் தெரியாது, அவளை விட்டுடுங்க."

துப்பறியும் தொழிலில் குற்றவாளி வாசலிலேயே ஒப்புக்கொண்டால் சந்தோஷப்பட வேண்டும். யெப்பேக்குச் சந்தோஷம் வரவில்லை. இவர் சாயம் அடித்திருந்தால் அது தன் தலைக்கு மேலே அல்லவா போயிருக்கும்? அந்த ஊன்றுகோலோடு ஏணியில் ஏறினாரா, நீந்திப் போனாரா?

விபெகா சாயத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "சரி. அந்த ரெண்டாவது கோப்பை யாருக்கு ஊத்தினீங்க?" என்றாள்.

எய்கிலின் முகத்தில் எதுவுமே தெரியவில்லை. "எந்தக் கோப்பை?"

"உள்ள பெட்டி மேல ரெண்டு கோப்பை இருக்கு. ஒன்னு குடிச்சது, ஒன்னு குடிக்காதது."

அவர் ஊன்றுகோலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். பொய் சொல்ல நினைத்த மனிதருக்கு, அந்தப் பொய்க்குள்ளேயே தனக்குத் தெரியாத ஒரு உண்மை உட்கார்ந்திருந்தது.

"ட்ரோல்ஸுக்கு," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

சமையலறை வாசலில் ஒரு சின்ன உருவம். நரைமுடி ஈரமாக இருந்தது. பனிக்காலத்திலும் கடலில் முங்கி எழும் பெண்கள் கூட்டத்தில் போடிலும் ஒருத்தி. அன்றைக்கும் முங்கிவிட்டுத்தான் வந்திருந்தாள். யெப்பே அவள் தோளைப் பார்த்தான். அவள் கையைத் தூக்கினால் எட்டுகிற உயரம் தன் நெற்றிதான்.

"அவன் பால் விடாமத்தான் குடிப்பான்," என்றாள் போடில். "எய்கில், கதவைச் சாத்து. குளிர் உள்ள வருது. நீங்க ரெண்டு பேரும் வாங்க, உக்காருங்க. தம்பி, அந்தப் பையில என்ன, ஏலக்காய் ரொட்டியா? ரான்ஹில் வாயைத் திறக்க ஆறு வாங்க வச்சாளா? உனக்கு ஆறு. போன மாசம் வந்த பத்திரிகைக்காரனுக்குப் பன்னிரண்டு."

சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். போடில் காப்பி ஊற்றினாள். எய்கில் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். அந்த ஜன்னலில்தான் கடல் தெரிந்தது.

"இவர் பதினெட்டு வருஷமா அந்தப் பக்கம் திரும்பினதில்ல," என்றாள் போடில். "நான் போறது இவருக்குத் தெரியாதுன்னு நெனச்சேன்."

"நம்ம படகு டீசல் டேங்க் எப்பவும் நெறஞ்சே இருக்குதே, எப்படின்னு ஒரு நாளாவது யோசிச்சியா?" என்றார் எய்கில், மேசையைப் பார்த்தபடி.

போடில் கெட்டிலைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் கணவனையே பார்த்தாள். பிறகு அவர் தட்டில் ஒரு ரொட்டியை எடுத்துவைத்துவிட்டு விபெகாவிடம் திரும்பினாள்.

"நான் எதையும் திருடல. ஒளிஞ்சு செஞ்சேன், அது தப்புதான். ஆனா என் இடத்துல இருந்தா நீங்க என்ன செய்வீங்க? காத்தாடியெல்லாம் எடுக்கப்போறோம்னு கூட்டம் போட்டுச் சொல்றாங்க. அவன் எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாது. கடைசியா எங்க கால் வச்சான்னு தெரியும். எனக்குன்னு இருக்கிறது அந்தக் காத்தாடி நிக்கிற ஒரு கல்லுதான்."

"அதனால சுத்தம் பண்ணீங்க."

"சர்ச்சுத் தோட்டத்துல நீங்களும் பாத்திருப்பீங்கல்ல? களை மண்டிக் கெடக்கிற கல்லறையைத்தான் எடுத்துட்டு அடுத்தவங்களுக்குக் குடுத்துடுவாங்க. வேலியை வெட்டி, சரளைக்கல்லை வாரி, ஒழுங்கா வச்சிருந்தா எந்தப் பாதிரியாரும் தொட மாட்டார். எங்க அப்பா கல்லறையை நாப்பது வருஷம் அப்படித்தான் காப்பாத்தினேன்." அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட வந்தது. "இப்ப பாருங்க, பதினொன்னுல ஏழுதான் நல்லா இருக்கு. உங்களை அனுப்பின பொண்ணு, கூட்டத்துல பேசின அந்த மெரெத்த, அவளே பாத்துட்டாளே. மத்ததை எடுக்கட்டும். நல்லா இருக்கிறதை எதுக்கு எடுக்கப்போறாங்க? ஏழு நிக்கும்ல?"

அப்போதுதான் யெப்பேக்கு விளங்கியது. காலையில் விபெகாவின் வாயில் மிட்டாய் நின்றுபோனது எதனால் என்று விளங்கியது. நாலு இரும்பு வளையங்கள். மற்ற பத்திலும் அவை துருவேறி இற்றுப்போயிருக்கின்றன. கிரேனின் கொக்கியை மாட்டினால் பிய்ந்துவிடும். அதனால் தூக்க முடியாது. அதனால் அந்தப் பத்தின் அடித்தளமும் காலாகாலத்துக்கும் கடலில் கிடக்கும். ஏழில் மட்டும் ஒரு தாய் துருவைச் சுரண்டி, சாயம் பூசி, களிம்பு தடவி, வளையங்களைக் காப்பாற்றி வைத்திருக்கிறாள். தூக்க முடிந்ததைத் தூக்க வேண்டும் என்பது சட்டம். பதினொன்றில் தூக்க முடிந்தது அது ஒன்றுதான்.

ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால் அந்தக் கல் அங்கேயே இருந்திருக்கும்.

ஒரு கிண்டல், ஒரு சமாளிப்பு, எதையாவது சொல்லி இந்த நிமிடத்தைத் தள்ளிப்போட முடியாதா என்று யெப்பே தேடினான். கடைசியில் காலி ரொட்டிப் பையை மடிக்க ஆரம்பித்தான்.

"போடில்," என்றாள் விபெகா. "நான் பொய் சொல்லலாம். ஆனா வியாழக்கிழமை உண்மை பேப்பர்ல வந்துடும்." பிறகு சொன்னாள். எதையும் மென்று முழுங்காமல், எதையும் பூசி மெழுகாமல், மெதுவாக, வளையங்களைப் பற்றிச் சொன்னாள்.

சொல்லி முடித்ததும் போடில் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். நகக்கண்ணில் வெள்ளைச் சாயம் இருந்தது.

"அந்த வளையத்துக்குத்தான் ரொம்ப நேரம் ஆச்சு," என்றாள். "ஒவ்வொன்னும் ஒரு நாள்."

எய்கில் எழுந்து அவள் பின்னால் போய் நின்றார். தோளில் கை வைத்தார். அவளுக்கு அது தெரிந்ததாகவே தெரியவில்லை.

விபெகா தோட்டத்துக்குப் போய் மெரெத்தவுக்குப் போன் செய்தாள். யெப்பே கூடவே நின்றான். எதிரி யாரும் இல்லை, வக்கீலை வீட்டுக்கு அனுப்பலாம், ஒரு தாய் மகன் கல்லறையில் களை எடுத்திருக்கிறாள் என்றாள் விபெகா. அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. மெரெத்த அழுகிறாளோ என்று யெப்பேக்குச் சந்தேகம் வந்தது. ஆனாலும் பதில் மாறவில்லை. தூக்க முடிகிற ஒன்றைத் தூக்காமல் விட்டால் மொத்தத் திட்டமும் நிற்கும், என் கையில் இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள். போலீஸுக்குப் போக மாட்டேன், அது மட்டும் என்னால் முடியும் என்றாள்.

"பாஸ்," என்றான் யெப்பே, போன் வைத்ததும். "ஒரு ரம்பம் வாங்க எவ்வளவு ஆகும்? நாலு வளையம். நானும் நீங்களும் போனா ஒரு மத்தியானத்துல அறுத்துடலாம். நான் ஏணி ஏறுவேன். கீழகூடப் பாப்பேன்."

அவன் கிண்டல் செய்யவில்லை. அது விபெகாவுக்கும் தெரிந்தது. "அறுத்தா அது குற்றம்டா," என்றாள். "இதுவரைக்கும் இங்க ஒரு குற்றமும் நடக்கல."

சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. உள்ளேயிருந்து போடிலின் குரல் வந்தது. "வேண்டாம் தம்பி. நீ விழுந்து வச்சா உங்க அம்மா எங்க போவா?"

*

ஆகஸ்ட் மாதம், கடல் தட்டில் ஊற்றிய பால் மாதிரி கிடந்த ஒரு நாள், கிரேன் கப்பல் வந்தது.

மெரெத்த தன் படகில் போடிலுக்கு இடம் தருவதாகச் சொல்லியிருந்தாள். போடில் வரவில்லை. அவளுக்குப் பதிலாக விபெகா போனாள். போடில் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். கல் எழுந்ததும் அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பதினெட்டு வருடம் கழித்து என்ன இருக்கும் என்று யாரும் அவளிடம் கேட்கவில்லை.

யெப்பே மஞ்சள் வீட்டுத் தோட்டத்தில் நின்றான். காலையிலிருந்து கொடி பாதிக் கம்பத்தில் இருந்தது. தெருவில் அங்கங்கே ஆட்கள் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்கள். ரான்ஹில் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தாள். தோட்டத்து மேசையில் போடில் காப்பி வைத்திருந்தாள். மூன்று கோப்பை. அவளுக்கு ஒன்று, யெப்பேக்கு ஒன்று, எப்போதும் ஊற்றுகிற ஒன்று. எய்கில் வீட்டுக்குள்ளேதான் இருந்தார். அவர் வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

ஏழாம் காற்றாலையின் கோபுரத்தை முதல் நாளே வெட்டி எடுத்துவிட்டார்கள். தண்ணீருக்கு மேலே அடித்தளம் மட்டும் ஒரு குட்டையான மேடாகத் தெரிந்தது. நாலு வளையங்களிலும் கொக்கி மாட்டினார்கள். போடிலின் வளையங்கள் இற்றுப்போகவில்லை. கொஞ்சம்கூட முனகாமல் அத்தனை பாரத்தையும் தாங்கின. கரையிலிருந்து பார்க்கையில் கடல் ஒரு பல்லை விட்டுக்கொடுத்தது போல இருந்தது. தண்ணீர் வழிய, சிப்பிகள் அப்பியபடி, அந்தக் கல் மேலே வந்தது.

யெப்பேயின் போன் அடித்தது. போடில் கை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

"சொல்லுங்க," என்றாள்.

விபெகா சொன்னது யெப்பேக்கும் கேட்டது. "மணல்தான் போடில். வெறும் மணல். சுத்தமா இருக்கு."

"சுத்தமா இருக்கா?"

"ரொம்பச் சுத்தமா இருக்கு."

போடில் போனை யெப்பேயிடம் கொடுத்தாள். கொடிக்கம்பத்தடிக்குப் போனாள். கயிற்றின் முடிச்சை அவிழ்க்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. யெப்பே உதவப் போகவில்லை. வேலிக்கு அப்பால் நின்ற ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். அவள் இழுத்தாள். பதினெட்டு வருடமாகப் பாதியிலேயே நின்ற கொடி, கிறீச்சிட்டுக்கொண்டு, கம்பத்தின் உச்சிக்குப் போய் நின்றது.

கல் நட்டு அடக்கம் செய்வதைத்தான் யெப்பே பார்த்திருக்கிறான். கல்லைப் பிடுங்கி ஒரு அடக்கம் நடந்ததை அன்றுதான் பார்த்தான். அவனுக்கு அழுகை வந்தது. வந்ததை அவன் மறைக்கவில்லை.

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. எய்கில் ஊன்றுகோலை ஊன்றி ஊன்றித் தோட்டத்துக்கு வந்தார். மேசையருகே கிடந்த நாற்காலியைக் கடலைப் பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். ஒன்று குறைந்து பத்தாகிப்போன அந்த வரிசையை, கிரேனில் தொங்கிய கல்லை, எல்லாவற்றையும் பார்த்தார். போடில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உனக்குக் கோப்பை வைக்கலையே," என்றாள். எழப்போனாள்.

"உக்காரு," என்றார் எய்கில்.

யாரும் தொடாத அந்த மூன்றாவது கோப்பையை அவர் எடுத்தார். காப்பி ஆறிப்போயிருந்தது. பால் விடாதது. அவருக்குப் பாலில்லாத காப்பி பிடிக்காது. மெதுவாக, ஒவ்வொரு வாயாக, கடைசிவரை குடித்துவிட்டுக் கீழே வைத்தார்.

யெப்பே எட்டிப் பார்த்தான். கறை அடியில் மட்டும் இருந்தது.